எந்தக் கோப்பு எங்கே? லினக்ஸ் இமேஜ் தயாரிப்பவர்களுக்கு 18 பயனுள்ள குறிப்புகள்

மணிமங்கலத்திலிருந்து ஒரு பக்கம் போனால் ஒரகடம், இன்னொரு பக்கம் போனால் ஸ்ரீபெரும்புதூர். 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. இந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சிறு யூனிட்டுகள் பெருகிவிட்டன. அங்கே லேபிள் அச்சிடும் மேசையிலும், எடை போடும் மேசையிலும், உற்பத்தி எண்ணிக்கை காட்டும் பலகையிலும் சின்ன லினக்ஸ் பெட்டிகள் ஓடுகின்றன. அவற்றுக்கான இமேஜைத் தயாரித்துத் தருபவர்களில் நம் பகுதிப் பொறியியல், பாலிடெக்னிக் பிள்ளைகளும் உண்டு.

பெட்டி முதல் நாள் நன்றாக ஓடும். ஆறு மாதம் கழித்து ஒரு அப்டேட் வந்ததும் மக்கர் செய்யும். பெரும்பாலும் நிரலில் கோளாறு இருக்காது. கான்ஃபிக் கோப்பை வைத்த இடம்தான் தவறாக இருக்கும். கீழே உள்ள குறிப்புகள் எல்லாமே ஒரு கேள்வியிலிருந்து வருகின்றன: இந்தக் கோப்பை நாளைக்கு மாற்றப் போகிறவர் யார்?

(பாதைகளையும் கட்டளைகளையும் நாம் வாயால் சொல்கிறபடியே தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.)

1. முதலில் மூன்று இடங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். இமேஜ் தயாரிப்பவர் தருவது /யூஎஸ்ஆர். அந்தக் கணினியைப் பராமரிப்பவர் மாற்றுவது /இடிசி. ஓடும்போது கணினி தானே எழுதிக்கொள்வது /வார். வாடகை வீட்டில் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரி உரிமையாளருடையது, உள்ளே அடுக்கும் பொருள் குடியிருப்பவருடையது என்பதைப் போலத்தான் இதுவும். கோப்பு முறைமை அடுக்கு பற்றிய பொதுத் தரநிலையின் 3.0 பதிப்பு 2015ல் வந்தது. அதுவும் /இடிசியை அந்தந்தக் கணினிக்கு உரிய அமைப்புகளின் இடமாகவே சொல்கிறது. எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான அமைப்பை /இடிசியில் திணித்தால், பராமரிப்பவருக்கு உரிய இடத்தை நாமே அடைத்துவிடுகிறோம்.

2. யாருடைய சொல் செல்லும் என்பதை மனப்பாடம் செய்யுங்கள். சிஸ்டம்டி ஒரே பெயருள்ள கோப்பை மூன்று இடங்களில் தேடும். /இடிசியில் இருப்பதற்கே முதல் உரிமை. அதற்கு அடுத்தது /ரன், கடைசியில் /யூஎஸ்ஆர்/லிப். உங்கள் சர்வீஸ் கோப்பை /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம் என்ற இடத்தில் வைத்தால், களத்தில் இருப்பவர் அதே பெயரில் /இடிசியில் ஒன்றை எழுதி மாற்றிக்கொள்ளலாம். அதை அழித்துவிட்டால் உங்கள் அமைப்பு தானாகத் திரும்பிவிடும். ஒரு சர்வீஸ் வேண்டவே வேண்டாம் என்றால் அதே பெயரில் /டெவ்/நல் நோக்கி ஒரு இணைப்பு போட்டால் போதும். மூலக் கோப்பைத் தொட வேண்டியதில்லை.

3. முழுக் கோப்பை நகலெடுக்காதீர்கள். துண்டுக் கோப்பு போடுங்கள். லேபிள் பிரின்டர் சர்வீஸ் நின்றுபோனால் ஐந்து நொடியில் தானே எழுந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்காக நாற்பது வரி சர்வீஸ் கோப்பை நகலெடுத்து இரண்டு வரி சேர்ப்பார்கள். மென்பொருளின் அடுத்த பதிப்பில் மூலக் கோப்பு மாறியிருக்கும். உங்கள் நகலோ பழைய கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். இதற்குப் பதில், சர்வீஸ் பெயரோடு ".டி" சேர்த்து ஒரு அடைவு உருவாக்குங்கள். அதற்குள் ஒரு ".கான்ஃப்" கோப்பு வையுங்கள். உள்ளே மூன்றே வரி போதும்: சதுர அடைப்புக்குள் "சர்வீஸ்", அடுத்து "ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்", அடுத்து "ரீஸ்டார்ட்செக்=5". மூலக் கோப்பு எத்தனை முறை மாறினாலும் இந்த மூன்று வரி அதன் மேல் வந்து உட்காரும்.

4. முன்னால் போடும் எண்ணில் கவனம் தேவை. துண்டுக் கோப்புகள் பெயர் வரிசைப்படி படிக்கப்படும். அதனால்தான் 10, 50, 90 என்று எண் வைக்கிறோம். கர்னல் அமைப்புகளுக்கான சிஸ்சிடிஎல்.டி அடைவில் கடைசியாக வருவதே செல்லும்; ஆகவே 90 என்று தொடங்குவது 10ஐ மாற்றிவிடும். எஸ்எஸ்ஹெச் சர்வரில் கதை தலைகீழ்: முதலில் கிடைக்கும் மதிப்பே நிலைக்கும். "கடவுச்சொல் நுழைவு கூடாது" என்பதை 90 என்ற கோப்பில் எழுதி, 50 என்ற கோப்பில் வேறு யாரோ "ஆகட்டும்" என்று எழுதியிருந்தால் கதவு திறந்தேதான் இருக்கும். "எஸ்எஸ்ஹெச்டி -டி" என்று பெரிய டி போட்டு ஓட்டினால் உண்மையில் எது நடப்பில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். சிஸ்டம்டி பாணிக் கோப்புகளுக்கு இமேஜ் தயாரிப்பவர் 10 முதல் 40 வரை எடுத்துக்கொண்டு, 60 முதல் 90 வரை பராமரிப்பவருக்கு விட்டுவிடுவது நல்ல வழக்கம்.

5. பெயரில் ஒரு புள்ளி, அனுமதியில் ஒரு எண்: இரண்டும் காலை வாரிவிடும். சூடோயர்ஸ்.டி அடைவில் புள்ளி உள்ள பெயர் வைத்தால் அந்தக் கோப்பை யாரும் படிக்க மாட்டார்கள். பிழைச் செய்தியும் வராது. டெபியனில் கிரான்.டிக்கும் இதே விதி. ஆனால் சிஸ்டம்டி துண்டுக் கோப்புகளுக்கோ ".கான்ஃப்" என்ற முடிவு கட்டாயம். சூடோ கோப்புக்கு 0440 அனுமதி வையுங்கள். நெட்வொர்க் மேனேஜரின் இணைப்புக் கோப்புக்கு 0600 அனுமதியும் ரூட் உரிமையும் வேண்டும். இல்லாவிட்டால் அதை ஒதுக்கிவிடும். வைஃபை வரவில்லை என்று ஆன்டெனாவை மாற்றுவதற்கு முன் அனுமதியைப் பாருங்கள்.

6. மூலத்தை கிட்டில் வையுங்கள். அனுமதியைத் தனியாக எழுதுங்கள். கான்ஃபிக் கோப்புகள் எல்லாம் கிட்டில் இருந்தால்தான் எது, எப்போது, ஏன் மாறியது என்று சொல்ல முடியும். ஆனால் கிட், கோப்பு இயங்கக் கூடியதா இல்லையா என்பதை மட்டுமே நினைவில் வைக்கும். 0440, 0600 போன்றவற்றை வைக்காது. காலி அடைவையும் வைக்காது. ஆகவே அனுமதிகளை பில்ட் ஸ்கிரிப்டில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். இன்னொன்று, அந்த கிட் களஞ்சியத்தின் ஒரு பிரதி பட்டறைக்கு வெளியே இருக்கட்டும். மணிமங்கலம் ஏரியின் உபரிநீர் போய்ச் சேருவது அடையாற்றில். 2015 டிசம்பரில் அந்த ஆறு கரை புரண்டபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்த ஊர் இது. தரைத்தளத்தில் ஒரே ஒரு ஹார்டு டிஸ்கை நம்பியிருக்கக் கூடாது.

7. யூஎஸ்பி கருவிகளுக்கு நிலையான பெயர் கொடுங்கள். எடை மேசையில் தராசு ஒரு யூஎஸ்பி-சீரியல் கேபிளில் வரும், ஸ்கேனர் இன்னொன்றில் வரும். இன்று தராசு "டிடிஒய்யூஎஸ்பி 0" என்று தெரியும். மின்சாரம் போய் வந்ததும் ஸ்கேனர் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளும். மென்பொருள் பார்கோடு எண்ணை எடை என்று எழுதத் தொடங்கும். இதற்கு மருந்து /யூஎஸ்ஆர்/லிப்/யூடெவ்/ரூல்ஸ்.டி அடைவில் வைக்கும் ஒரு விதி. கருவியின் தயாரிப்பாளர் எண், பொருள் எண், வரிசை எண் மூன்றையும் குறிப்பிட்டு, அதற்கு "தராசு" என்று பொருள்படும் ஒரு நிலையான இணைப்புப் பெயர் தரலாம். மலிவான சிஎச்340 சிப் உள்ள கேபிள்களில் பொதுவாக வரிசை எண் இருக்காது. அப்போது எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்து விதி எழுதுங்கள். அந்தத் துளையின் மேல் வண்ண ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால், கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்பவரும் சரியாகத் திரும்பச் செருகுவார்.

8. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக இருக்க வேண்டியதை இமேஜில் சுமந்து போகாதீர்கள். இமேஜை மூடுவதற்கு முன் /இடிசியில் உள்ள மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்குங்கள். காலியாக இருந்தால் முதல் துவக்கத்தில் புது எண் தானே உருவாகும். பழைய எண்ணோடு இருபது பெட்டிகளுக்கு ஏற்றினால், சிஸ்டம்டியின் நெட்வொர்க் சேவை அந்த எண்ணை வைத்தே ஐபி கேட்பதால் பெட்டிகள் ஒரே ஐபிக்காக மோதிக்கொள்ளும். எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் அழியுங்கள். டெபியனில் அவை தாமாகத் திரும்ப உருவாகாது. ஆகவே முதல் துவக்கத்தில் "எஸ்எஸ்ஹெச்-கீஜென் -ஏ" என்று பெரிய ஏ போட்டு ஓட்டும் ஒரு சிறு சர்வீஸையும் சேர்த்து வையுங்கள். ஹோஸ்ட்நேமை நிறுவும்போது வைத்துக்கொள்ளலாம்.

9. ரகசியங்களுக்கு இமேஜில் இடமே இல்லை. வைஃபை கடவுச்சொல், தரவுத்தளக் கடவுச்சொல், ஏபிஐ டோக்கன் எதுவாக இருந்தாலும் சரி, இமேஜ் கோப்பு கையில் கிடைத்த எவரும் அதை மவுன்ட் செய்து திறந்து படிக்கலாம். கன்டெய்னர் வழியில் இமேஜ் கட்டுபவர்கள் ஒரு அடுக்கில் வைத்து அடுத்த அடுக்கில் அழித்தாலும், கீழ் அடுக்கில் அது அப்படியே இருக்கும். நிறுவும்போது தனியாகக் கொடுங்கள்: கிளவுட்-இனிட், சிஸ்டம்டி கிரெடென்ஷியல்ஸ், அல்லது முதல் துவக்கத்தில் யூஎஸ்பி குச்சியிலிருந்து படித்துக்கொள்வது. தொடர்பில் இருக்கும் ஆலையின் தகவலையும் காப்பது நம் பொறுப்பு.

10. /வார் அடைவுக்குள் கான்ஃபிக் வைக்காதீர்கள். பூட்சி போன்ற முறைகளில் இமேஜில் இருக்கும் /வார் முதல் நிறுவலின்போது மட்டும்தான் கணினிக்குப் போகும். அடுத்தடுத்த அப்டேட்டுகளில் நீங்கள் அங்கே என்ன மாற்றினாலும் களத்தில் உள்ள பெட்டிக்குச் சேராது. உங்கள் மென்பொருளுக்கு /வார்/லிப்பில் ஒரு அடைவு தேவை என்றால், டெம்ப்ஃபைல்ஸ்.டியில் ஒரு வரி எழுதுங்கள்: அடைவின் பாதை, அனுமதி, உரிமையாளர். ஒவ்வொரு துவக்கத்திலும் சிஸ்டம்டி அது இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் உருவாக்கிவிடும். சேவைக்கான பயனர் கணக்கை சிஸ்யூசர்ஸ்.டியில் இதேபோல் ஒரு வரியில் முடிக்கலாம்.

11. /ஹோம் அடைவுக்குள் நேரடியாக எதையும் போடாதீர்கள். பயனரின் பெயர் என்னவாக இருக்கும் என்று இமேஜ் தயாரிக்கும்போது தெரியாது. 2011ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆரம்பகால மடிக்கணினிகளில் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது; டெபியனை அடிப்படையாகக் கொண்ட வழங்கல் அது. அத்தனை மாணவர்களுக்குப் போகும் இமேஜில் தமிழ் எழுத்துருவும் தமிழ்99 விசைப்பலகையும் யார் உள்ளே நுழைந்தாலும் கிடைக்க வேண்டும். ஆகவே எழுத்துருவை /யூஎஸ்ஆர்/ஷேர்/ஃபான்ட்ஸில் வையுங்கள். நோம் மேசைத்தள அமைப்புகளை ஸ்கீமா ஓவர்ரைடு கோப்பாக /யூஎஸ்ஆர்/ஷேரில் தந்து, ஸ்கீமாக்களை மறுபடி கம்பைல் செய்யுங்கள். பயனர் அடைவில் இருந்தே ஆக வேண்டிய கோப்பு என்றால் /இடிசி/ஸ்கெல்லில் வையுங்கள். கணக்கு உருவாகும் தருணத்தில் மட்டும்தான் அது நகலாகும் என்பதை மறக்க வேண்டாம்.

12. நேரத்தை முதலிலேயே சரி செய்யுங்கள். /இடிசியில் உள்ள லோக்கல்டைம் இணைப்பு ஆசியா/கொல்கத்தாவைக் காட்டவில்லை என்றால் கணினி உலகப் பொது நேரத்தில் ஓடும். காலை 6 மணி ஷிப்டின் பதிவு நள்ளிரவு 12.30 என்று, சில அறிக்கைகளில் முந்தைய ஷிப்டின் கணக்கிலும் விழும். நேர சர்வர் முகவரியை /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/டைம்சிங்க்டி.கான்ஃப்.டி அடைவில் துண்டுக் கோப்பாக வையுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைப்படி நிறுவனங்கள் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றை அடியொற்றும் சர்வர்களோடு ஒத்திசைய வேண்டும். ராஸ்பெரி பை 4 வரையான பலகைகளில் கடிகாரச் சிப் கிடையாது. இணையம் இல்லாத மேசையில் அதைத் தனியாகப் பொருத்துங்கள்.

13. பதிவுகளுக்கு வரம்பும் வேண்டும், ஆயுளும் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் யாரும் பெட்டியை முறையாக அணைப்பதில்லை. சுவிட்ச் போகும், அவ்வளவுதான். எழுதிக்கொண்டே இருக்கும் மெமரி கார்டு இதில் சீக்கிரம் கெடும். ஜர்னல் பதிவை நினைவகத்தில் மட்டும் வைத்துக்கொள்ளும்படி /யூஎஸ்ஆர்/லிப் பக்கத்தில் ஒரு துண்டுக் கோப்பு போடலாம். ஆனால் மேலே சொன்ன அதே ஆணை பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. ஆகவே பெட்டியிலிருந்து பதிவுகளை அலுவலக சர்வருக்கு அனுப்பும் அமைப்பையும் சேர்த்தே இமேஜில் வையுங்கள். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் கோளாறு வந்த நாளில் கையில் ஆதாரம் இருக்காது.

14. கட்டும் இடத்தின் தடயத்தைத் துடையுங்கள். இமேஜ் கட்டும்போது இணையம் வேண்டும் என்று உங்கள் கணினியின் ரிசால்வ்.கான்ஃப் உள்ளே நகலாகியிருக்கும். அப்படியே விட்டால் களத்தில் உள்ள பெட்டி உங்கள் வீட்டு ரவுட்டரைத் தேடும். எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிஏ1 போன்ற பெயர் வேண்டாம். யூயூஐடி அல்லது லேபிள் எழுதுங்கள். டிஸ்கின் பெயர் மாறினாலும் துவங்கும்.

15. உங்கள் கருவியில் எந்த அடைவு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.
• டெபியன் லைவ்-பில்ட்: கான்ஃபிக் அடைவுக்குள் இன்க்ளூட்ஸ்.சிரூட். அதற்குள் வைப்பது இமேஜின் வேர் அடைவில் அதே பாதையில் போய் உட்காரும்.
• எம்கேஓஎஸ்ஐ: தொகுப்புகள் நிறுவும் முன்பே தேவையானது "ஸ்கெலட்டன்" அடைவில், நிறுவிய பின் மேலே வர வேண்டியது "எக்ஸ்ட்ரா" அடைவில்.
• பில்ட்ரூட்: ரூட்எஃப்எஸ் ஓவர்லே. தொகுப்புகள் எல்லாம் முடிந்த பின் இது மேலே நகலாகும். அதற்குப் பிறகு போஸ்ட்-பில்ட் ஸ்கிரிப்ட் ஓடும். அவுட்புட்/டார்கெட் அடைவைக் கையால் திருத்தாதீர்கள். அடுத்த "மேக் கிளீன்" அதைத் துடைத்துவிடும்.
• யோக்டோ: உங்களுக்கென்று ஒரு தனி லேயர் தொடங்கி, பிபிஅப்பெண்டு கோப்பு மூலம் சேருங்கள். பிறர் லேயரில் கை வைக்க வேண்டாம். கார்களுக்கான ஆட்டோமோட்டிவ் கிரேடு லினக்ஸ் யோக்டோவின் மேல்தான் நிற்கிறது. நம் தடத்தில் வேலை தேடும் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.
• பை-ஜென்: அந்தந்த ஸ்டேஜ் அடைவில் கோப்பை வைத்து, ரன் ஸ்கிரிப்டில் இன்ஸ்டால் கட்டளையோடு அனுமதியையும் சேர்த்து எழுதுங்கள்.

16. அப்டேட் வரும் நாளை நினைத்துக் கோப்பை வையுங்கள். டெபியன் தொகுப்பின் சொந்த கான்ஃபிக் கோப்பை /இடிசியில் நேரடியாகத் திருத்தியிருந்தால், புதுப் பதிப்பும் அதே கோப்பை மாற்றும் நாளில் டிபிகேஜி "எதை வைத்துக்கொள்ள?" என்று கேட்டு நிற்கும். திரையே இல்லாத பெட்டியில் யார் பதில் சொல்வார்கள்? "ஃபோர்ஸ்-கான்ஃபோல்டு" அமைப்பு பழையதை வைத்துக்கொண்டு நகர உதவும். துண்டுக் கோப்பாக வைத்திருந்தால் கேள்வியே எழாது. ஃபெடோரா சில்வர்புளூ போன்ற ஓஎஸ்ட்ரீ முறைகளில் /இடிசியில் உள்ளூரில் திருத்திய கோப்பு அப்படியே நிலைக்கும். புது இமேஜின் திருத்தம் அதற்கு வராது. ஏ, பி என்று இரண்டு பார்ட்டிஷன் வைத்து மாறிமாறி ஏற்றும் முறையில் நிலைமை எதிர்மாறு: பராமரிப்பவர் /இடிசியில் செய்த மாற்றம் பழைய பார்ட்டிஷனோடு போய்விடும். அதற்குத் தனி டேட்டா பார்ட்டிஷனும், /இடிசியின் மேல் ஒரு ஓவர்லேயும் வேண்டும்.

17. ஒப்படைக்கும் முன் இரண்டு பெட்டிகளில் ஏற்றிப் பாருங்கள். ஒரே பெட்டியில் மட்டும் சோதித்தால் 8ஆம் குறிப்பில் சொன்ன மோதல்கள் கண்ணில் படாது. இரண்டையும் ஒரே ஸ்விட்சில் இணைத்து ஐபி, மெஷின்-ஐடி, எஸ்எஸ்ஹெச் சாவி மூன்றும் வேறுபடுகின்றனவா என்று பாருங்கள். "சிஸ்டம்டி-டெல்டா" எந்தக் கோப்பு எதை மீறுகிறது என்று பட்டியலிடும். "சிஸ்டம்சிடிஎல் கேட்" ஒரு சர்வீஸின் மூலத்தையும் துண்டுகளையும் வரிசையாகக் காட்டும். பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சுவிட்சை அணைத்துப் போடுங்கள். பல முறை செய்யுங்கள். களத்தில் நடக்கப் போவது அதுதான்.

18. பதிப்பு எண்ணையும் ஒரு பக்கக் குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். /யூஎஸ்ஆர்/லிப்பில் உள்ள ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் இமேஜ் பெயருக்கும் இமேஜ் பதிப்புக்கும் தனி வரிகள் உண்டு, நிரப்புங்கள். அதோடு தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள்: பதிப்பு எண், நீங்கள் மாற்றக்கூடிய கோப்புகள் இவை, தொடக்கூடாதவை இவை, மாற்றியதைத் திரும்பப் பெற எந்தக் கோப்பை அழிக்க வேண்டும். இரவு ஷிப்டில் "அண்ணே, மெஷின்ல டைம் தப்பா காட்டுது" என்று ஆபரேட்டர் தம்பி போன் செய்தால், அந்தத் தாளை வைத்து இரண்டு நிமிடத்தில் அவரையே சரிசெய்ய வைக்கலாம். உங்கள் அமைப்புகளை /யூஎஸ்ஆரில் வைத்து /இடிசியை அவருக்கு விட்டிருந்தால், அவர் எதையாவது தவறாக எழுதிவிட்டாலும் அந்த ஒரு கோப்பை அழித்ததும் பெட்டி பழையபடி ஓடும். பயமில்லாமல் கை வைக்கும் துணிவு அவருக்கு வரும்; தொழில் கற்றுக்கொள்ளவும் அதுதான் வழி.